பலகைக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பை முடிக்காமல் கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் கட்டப் போனவன். அங்கிருந்து கேசட் பதிவு, அதிலிருந்து கம்ப்யூட்டர் பதிவு என்று முருகன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், யாராவது பாடினால் என் கண் பாடுகிறவர் முகத்துக்குப் போகாது. ஒயர் எங்கே போகிறது என்றுதான் பார்க்கும். அது தொழில் கொடுத்த வியாதி.

பெரிய ஸ்டுடியோக்களில் நான் வேலை பார்த்ததில்லை. திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளிக்குப் பாட்டுப் பைத்தியம். கம்பெனிக்குப் பின்னால் இருந்த குடோனில் பாதியைத் தடுத்து ஒரு ஸ்டுடியோ கட்டினார். பாடுகிறவருக்கு ஓர் அறை, பதிவு செய்கிற எங்களுக்கு ஓர் அறை, நடுவில் சத்தம் புகாத கண்ணாடி. சுவரில் எதிரொலி வராமல் இருக்க வெளியூரில் என்னென்னவோ ஒட்டுவார்கள். நாங்கள் மரச்சட்டம் அடித்து, உள்ளே பனியன் வேஸ்ட்டைத் திணித்து, மேலே துணி போர்த்தினோம். நன்றாகவே இருந்தது. ஒரே குறை, பக்கத்தில் நிட்டிங் மிஷின் ஓடினால் தரை வழியாக அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும். அதனால் குரல் பதிவெல்லாம் கம்பெனி லீவு நாளில்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போய்விட்டு ஒரு பெட்டியோடு வந்தார். திறந்தால், கன்ட்ரோல் சர்பேஸ். நாங்கள் அதைப் பலகை என்றே சொல்வோம். எட்டு ஃபேடர், அதாவது மேலும் கீழும் தள்ளுகிற எட்டு கட்டைகள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாட்டில் குரலை ஏற்ற வேண்டுமா, மவுஸைப் பிடித்துத் தேட வேண்டாம், கையால் கட்டையைத் தள்ளினால் போதும். கட்டைகளுக்குள் மோட்டாரும் உண்டு. நாம் முன்பு தள்ளியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும்போது யாரும் தொடாமலே அவை எழுந்து இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

பலகையைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். என் கடைசித் தம்பியை விடச் சின்னவர். அவரைத்தான் நான் குரு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், வேண்டாம். எந்தப் பட்டனை எந்த வேலைக்கு வைத்தார் என்பதெல்லாம் இன்றைக்கு உங்களுக்குத் தேவைப்படாது, எல்லாம் மாறிவிட்டது. அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை.

"அண்ணா, இது வழியா சத்தம் போகாதுங்ணா. உத்தரவு மட்டுந்தான் போகும். மைக்குல இருந்து சத்தம் வர்ற ஒயரு வேற, இந்த ஒயரு வேற."

முதலாளி நம்பவில்லை. கோவைக்காரர் உடனே ஒரு பாட்டை ஓடவிட்டு, ஓடும்போதே பலகையின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். பாட்டு பாட்டுக்கு ஓடியது.

முதலாளி பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். "அப்ப நம்ம கம்பெனி சூப்பரைசராட்டங்க. ஒரு தையல் தைக்க மாட்டான். ஆனா அத்தனை பேரையும் ஓட்டுவான்."

"அதேதானுங்க. ஆனா லீவு போட்டாலும் வேலை நடக்குமில்லீங்க" என்றார் கோவைக்காரர்.

"நம்ம சூப்பரைசர் லீவு போட்டா வேலை இன்னும் நல்லாவே நடக்குமுங்க."

எல்லோரும் சிரித்தோம். ஒயரைப் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது என்பது முதலாளி மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

சில மாதம் கழித்து ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அறிவிப்பாளர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். யாருடைய காலோ பட்டுப் பலகையின் ஒயர் கழன்றது. கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்து நின்றது. மவுஸ் நகரவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தால் அவர் பேசியது எதுவும் இல்லை. அவர் இன்னொரு தடவை பேசிவிட்டுப் போனார், நஷ்டம் ஒன்றும் கிடையாது. நான் கோவைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பாட்டு ஓடும்போது புடுங்கறது வேறங்ணா, ரெக்கார்டு ஆகும்போது புடுங்கறது வேற. சில நேரம் தாங்கும், சில நேரம் தாங்காது. எப்பத் தாங்கும்னு எனக்கே தெரியாதுங்ணா."

அன்றைக்கே பனியன் துணியில் ஒரு கீற்று கிழித்து அந்த ஒயரை மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டினேன். முதலாளி அப்போது ஊரில் இல்லை.

இனி எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்தர் அதே கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்த பெண். தூத்துக்குடிப் பக்கம் ஊர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையோடு பிழைக்க வந்தவர்கள். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் அயர்னிங். ஞாயிற்றுக்கிழமை சபையில் எஸ்தர் பாடுவார். துணியைப் புரட்டி ஓட்டை தேடும்போதும் வாய்க்குள்ளே பாட்டுதான். முதலாளி ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஏனுங்க, அந்தப் புள்ள பாடறதக் கேட்டீங்களா? யாரு பாட்டுன்னு கேட்டா, நானே கட்டுனதுங்குது" என்றார்.

அவராகவே கட்டிய நாலு பாட்டுகள். காகிதத்தில் கூடக் கிடையாது, அவர் தொண்டையில்தான் இருந்தன.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு போகிறதாம். பேச்சு திரும்பும், பாட்டு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

"பேசுனாப் போதும்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. ஆனா இந்த நாலையும் யாராது புடிச்சு வச்சிட்டாவன்னா நிம்மதியாப் போயிருவேன். எம் பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் வெளங்காத வயசு. பெறவு கேட்டுக்கிடும்லா."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். முதலாளி ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கீபோர்டும் தபேலாவும் வைத்து நாலு பாட்டுக்கும் இசையை முதலில் பதிந்துவிட்டோம். பிறகு அடுத்தடுத்த ஞாயிறுகளில் சபை முடிந்து வந்து மூன்று பாட்டுகள் பாடி முடித்தார். ஒரு பாட்டுக்கு மேல் தொண்டை தாங்காது, கம்மிவிடும். நாலாவது பாட்டுதான் பாக்கி. அது உப்பளத்தைப் பற்றியது. அவருடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். வெயிலில் தண்ணீரை உப்பாக்குகிற ஆண்டவர் எங்கள் கண்ணீரையும் ஏதோ ஒன்றாக்காமலா விடுவார் என்று போகும். கடைசிச் சரணத்தில் ஒரு இடம் மிகவும் உச்சிக்கு ஏறும். முதல் தடவை முயன்றபோது அந்த இடத்தில் குரல் அறுந்துவிட்டது. அழாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு லீவு நாள், விஜயதசமி. அதற்கு மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

ஆயுதபூஜை என்றால் திருப்பூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பவர்டேபிள், ஓவர்லாக் என்கிற தையல் மிஷின்கள், கட்டிங் மிஷின், ஜெனரேட்டர் என்று ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் இன்னொரு பூஜை போட்டு, மிஷினைப் பேருக்கு ஒரு தடவை தொட்டுவிட்டு லீவு விடுவார்கள். ஸ்டுடியோவுக்கு அந்தக் காலையில் முதலாளியின் வீட்டம்மாவே வந்து பூஜை போடுவார். பக்தியும் தாராளமும் உள்ள அம்மா.

அந்த விஜயதசமி காலையில் நானும் வீட்டில் பூஜை முடித்து, திருநீறு பூசி, என் பெண் கையில் கொடுத்த பொரியை மென்றுகொண்டே வந்து சேர்ந்தேன். பலகையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. எட்டு ஃபேடரின் தலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பட்டன்களுக்கும் விட்டுவைக்கவில்லை. ரெக்கார்டு பட்டன் கொஞ்சம் பெரியது என்பதால் அதற்குப் பெரிய குங்குமப் பொட்டாக வைத்திருந்தார். பன்னீர் விட்டுத் தாராளமாகக் குழைத்த, இன்னும் ஈரம் காயாத சந்தனம். அறையே கோயில் மாதிரி மணந்தது. கும்பிட்டுவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டேன். சந்தனத்துக்கும் மிஷினுக்கும் ஆகாது என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. எந்த மிஷினுக்கு ஆகாமல் போயிருக்கிறது?

மதியத்துக்குள் எஸ்தரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையும் கையிலேயே இருந்தது. முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிப் போய் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. எஸ்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் போய் நின்றார். இந்தப் பக்கம் நான், எனக்குப் பக்கத்தில் முதலாளி. பின்னால் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்.

"அண்ணாச்சி, ஒருக்கத்தான் பாட முடியும். காலையிலேர்ந்தே தொண்டை ஒரு மாதிரி இழுக்கு."

"ஒரு தடவையே போதுங்க கண்ணு. முதல்ல சாமி கும்பிட்டுக்குங்க."

அவர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நான் என் முருகனை நினைத்தேன். முதலாளி தன் குலதெய்வத்தை நினைத்திருப்பார். ரெக்கார்டைப் போட்டேன்.

பல்லவி வந்தது. அதைப் போல அவர் முன்பு பாடியதில்லை. முதல் சரணம் முடிந்து இரண்டாவதும் சுத்தமாக வந்தது. தொண்டை இழுக்கிறது என்று சொன்னவர் இவர்தானா என்று நினைத்தபோது, முதல் ஃபேடர் நடுங்கியது.

அது அவர் குரலுக்கான ஃபேடர். யாரும் தொடவில்லை. சின்னதாக ஒரு நடுக்கம், பிறகு சந்தனப் பொட்டோடு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க ஸ்பீக்கரில் எஸ்தர் தூரமாகிப் போனார். அது அடியைத் தொட்டபோது அவர் குரல் சுத்தமாக இல்லை. தபேலாவும் கீபோர்டும் மட்டும் கேட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி" என்றார் வீட்டுக்காரர். "அவ சத்தம் கேக்கலியே."

நான் ஃபேடரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, அவ பாடுதா. சத்தம் வரல அண்ணாச்சி."

முதலாளி குனிந்து பலகைக்குப் பின்னால் கையை விட்டார். "ஒண்ணும் ஆகாதுங்க, இந்தச் சனியனப் புடுங்கி உட்டுடலாம். அன்னைக்கு அந்தத் தம்பி புடுங்கித்தான காட்டுனாரு."

அவர் கை ஒயரைப் பிடித்துவிட்டது. நான் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"கை வைக்காதே."

அதுவரை அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் சின்னக் குழந்தையைக்கூட வாங்க போங்க என்போம். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். கையை மட்டும் எடுக்கவில்லை. நானும் விடவில்லை.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை முடிந்தவரை நேராகச் சொல்கிறேன். ஃபேடர் விழுந்துவிட்டது, ஸ்பீக்கரில் குரல் இல்லை. அப்படியென்றால் பதிவாகவில்லை என்று காது சொல்லியது. நிறுத்து, சரி செய், மறுபடி பாடச் சொல் என்றது. மறுபடி பாட அவருக்குத் தொண்டை இல்லை என்று மனசு சொல்லியது. ரெக்கார்டு விளக்கு எரிகிறதா என்று பலகையைப் பார்த்தேன். பட்டன் முழுக்கக் குங்குமம். எரிந்தாலும் சிவப்பு, எரியாவிட்டாலும் சிவப்பு.

அப்போதுதான் கோவைக்காரர் சொன்னது வந்தது. சத்தம் வருகிற ஒயர் வேறு, உத்தரவு போகிற ஒயர் வேறு. பைத்தியம் பிடித்திருப்பது உத்தரவு போடுகிறவனுக்கு. எஸ்தரின் சத்தம் அவன் வழியாக வரவில்லை. அது மைக்கிலிருந்து நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஃபேடர் குறைப்பது நாங்கள் கேட்பதை மட்டும்தான், உள்ளே விழுவதை அல்ல.

தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். குரலுக்கான வரிசையில் அலை அலையாகப் படம் எழுந்துகொண்டிருந்தது. அவர் வாய் திறக்கும்போது எழுந்தது. மூச்சு வாங்கும்போது படுத்தது.

"வருதுங்க" என்றேன். "உள்ள வந்துட்டுத்தான் இருக்குதுங்க. யாரும் எதையும் தொடாதீங்க. ஒயரைப் புடுங்குனா இதுவும் போயிரும்."

முதலாளி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை எடுத்தார். ஆனால் வீட்டுக்காரருக்குத் திரை புரியவில்லை. அவருக்கு மனைவியின் சத்தம் வேண்டும். "கேக்கலியே, கேக்கலியே" என்று பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

எஸ்தருக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்கு அவர் குரல் நேராகவே போகும்படி கட்டியிருந்தோம். ஆனால் இசை அப்படி இல்லை. இசை கம்ப்யூட்டரிலிருந்துதான் அவர் காதுக்குப் போக வேண்டும். இதை நினைக்கும்போதே இரண்டாவது ஃபேடர் நடுங்கியது. தபேலா.

மவுஸால் திரையில் அதை மேலே இழுக்கலாம் என்று கை போனது. அதற்குள் அது விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. நான் ஒரு பக்கம் இழுக்க, பலகை இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிட்டால்? கையை மவுஸிலிருந்தும் எடுத்தேன். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. வேலையில் அதுபோல நான் பயந்ததில்லை.

தபேலா போய்விட்டது. கீபோர்டு தேய ஆரம்பித்தது. கடைசிச் சரணம் தொடங்கப் போகிறது. எஸ்தர் கண் திறந்தார். புருவம் சுருங்கியது. காதில் இசை இல்லை என்றால் எந்தப் பாடகரும் நிறுத்துவார். நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றி, என்ன ஆச்சு என்று கேட்பார். அதுதான் முறை.

நான் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி, தொடையில் தட்டுகிற மாதிரி காற்றில் தாளம் போட்டேன். மைக் செட்டுக் காலத்தில் கோயிலில் பஜனைக்காரர்களுக்குத் தாளம் தட்டிப் பழகிய கை. அதே வேகம். இசை எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ, அதே வேகத்தில் போட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. இடது கையால் 'பாடுங்க, பாடுங்க' என்று காட்டினேன்.

அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பாட ஆரம்பித்தார்.

எங்கள் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. எட்டு ஃபேடரும் சந்தனப் பொட்டோடு அடியில் படுத்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் வாயை அசைக்கிறார், இந்தப் பக்கம் ஒரு ஆள் காற்றில் கை தட்டுகிறான். உச்சிக்கு ஏறும் இடம் வந்தது. போன தடவை அறுந்த இடம். அவர் கழுத்து விறைத்தது, வீக்கம் மேலே ஏறியது, கண் ஓரம் தண்ணீர் வந்தது. குரல் ஏறியதா, அறுந்ததா, எனக்குக் கேட்கவில்லை. திரையைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது, கண்ணை எடுத்தால் தாளம் போய்விடும். முதலாளி எனக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு, "வருதுங்க, வருதுங்க" என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாட்டு முடிந்தது. கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினேன். கடைசி எழுத்தின் இழை அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு பலகையைத் தொடாமல் சுற்றிப் போய், கம்ப்யூட்டரின் கீபோர்டில் நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். சேமிக்கச் சொன்னேன். டிஸ்க் விளக்கு மினுக்கி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அதன் பிறகுதான் மேஜைக் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்து ஒயரைக் கழற்றினேன்.

எஸ்தர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. "என்ன ஆச்சு அண்ணாச்சி? மியூசிக் நின்னு போச்சே. எல்லாம் போச்சா?"

"இருங்க கண்ணு. கேட்டுட்டுச் சொல்றேன்."

குரலை மவுஸால் மேலே ஏற்றி, கடைசிச் சரணத்திலிருந்து ஓடவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஒரு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மூச்சுக்குப் பின்னால் எஸ்தர் வந்தார். இசை இல்லாத தனிக் குரல். உச்சிக்கு ஏறும் இடத்தில் ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று, இறங்கியது. அறுபடவில்லை.

வீட்டுக்காரர் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எஸ்தர் அவர் தலையில் கை வைத்து, "அதான் இருக்கே, எதுக்கு அழுதீய" என்றார்.

கோவைக்காரருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "விரல் பட்டா தெரிஞ்சுக்கற மாதிரி செஞ்சிருக்காங்கங்ணா. ஈரச் சந்தனத்தை விரல்னு நெனச்சிருக்கும். சந்துக்குள்ளயும் எறங்கியிருந்தா, யாரோ கீழ இழுக்கறதா கணக்குப் பண்ணியிருக்கும். தொடைச்சுக் காய வைங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒயரைப் புடுங்கலையேங்ணா?"

"இல்லீங்க."

"நல்லது பண்ணுனீங்க."

பஞ்சை எடுத்து ஃபேடர்களைத் துடைக்கத் தொடங்கினேன். வைத்த பொட்டை அழிப்பது மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் வீட்டம்மா காப்பியோடு உள்ளே வந்தார். கையில் இருந்த தட்டு நின்றது.

"ஏனுங்கண்ணா, பொட்ட அழிக்கறீங்க? நல்ல நாளும் அதுவுமா. அந்தப் புள்ள நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகுது."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "எங்கையாலதான் எல்லாம் ஆச்சா" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

எஸ்தர்தான் பேசினார். "அக்கா, அந்தச் சந்தனம் மிச்சம் இருக்கா?"

"இருக்குது கண்ணு. ஏன்?"

"நெத்தியில வேண்டாம் அக்கா, எங்கள்ல வைக்கதில்ல. கழுத்துல கொஞ்சம் பூசி விடுங்க. பாடிப் பாடி எரியுது. குளுந்து இருக்கும்."

அந்த அம்மா கிண்ணத்தை எடுத்து வந்து, எஸ்தரின் வீங்கிய கழுத்தில் நான்கு விரலால் சந்தனத்தைப் பூசிவிட்டார். பூசும்போது அவர் உதடு அசைந்தது, என்ன வேண்டினாரோ. எஸ்தர் கண்ணை மூடி நின்றார். கழுத்தில் சந்தனம் காய, வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் மிச்சச் சந்தனத்தைத் தொட்டுப் பலகை வைத்திருந்த மரச்சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பொட்டு மரத்துக்குத்தான். பலகைக்கு மேலே ஒரு துணி. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலாளி மட்டும் விடவில்லை. ரொம்ப நாளைக்கு, ஏதாவது ஒன்றைத் தொடப் போனால் என்னைப் பார்த்துவிட்டு, "கை வைக்கலாமுங்களா, இல்ல 'வைக்காதே'ன்னு சொல்லுவீங்களா?" என்பார்.

நீங்கள் புது மிஷின் பார்க்கும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, எது அதன் வழியாகப் போகவில்லை என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்னப் பையன் கொடுத்த பதில்தான். எல்லோரும் எதையாவது செய் என்று பார்க்கும்போது கையைச் சும்மா வைத்திருப்பது லேசு இல்லை. சும்மா வைத்திருப்பதோடும் வேலை முடியவில்லை. பாடுகிறவரைப் பார்க்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் என்ன இல்லாமல் போயிற்றோ, அதை எப்படியாவது கொடுக்க வேண்டும்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. பேச்சு வந்தது, கொஞ்சம் காற்று கலந்த மாதிரி. பாட்டு வரவில்லை. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாலாவது பாட்டின் கடைசிச் சரணத்துக்கு அடியில் இசையைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தாளத்தை விடவில்லை, இசை சரியாகவே உட்கார்ந்திருந்தது. போட்டுக் காட்டினேன். இசையில்லாமலும் காட்டினேன்.

"அந்த இடத்துல ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "அப்பம் எனக்கு எப்படிக் கேட்டுச்சோ, அப்படியே இருக்கட்டும்."

அன்றைக்கு அவர் தனியாக வரவில்லை. சபையிலிருந்து சில பெண்களைக் கூட்டி வந்திருந்தார். தன் பாட்டுகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பாட முடியாத குரலில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று தெரியாது. புதிதாக ஒன்றும் கட்டியிருந்தார். அவர்கள் மைக் முன்னால் போய் நின்றார்கள். முதல் தடவை என்பதால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, யார் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

எஸ்தர் என் பக்கத்திலிருந்து எழுந்தார். கண்ணாடிக்கு முன்னால், நான் நின்ற அதே இடத்தில் போய் நின்றார். வலது கையைத் தூக்கினார். உள்ளே சிரிப்பு அடங்கியது.

நான் ரெக்கார்டைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.